இல்க்லி மூர் பாறைச் செதுக்கல்களை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு

தொல்லியல் முதுகலையின் கள ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை, வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இல்க்லி மூர் என்னும் மேட்டுநிலத்தில் பரவிக் கிடக்கும் புதிய கற்கால, தொடக்க வெண்கலக் காலப் பாறைச் செதுக்கல்கள். இத்தலைப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் இவற்றின் பொருள் என்ன என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஆய்வேட்டிலும் வாய்மொழித் தேர்விலும் கைகொடுப்பது, எது செதுக்கல், எது இயற்கை என்று பிரித்துக் காட்டும் களப்பதிவே.

இங்குள்ள பாறை மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் சொரசொரப்பான மணற்கல். மழையும் உறைபனியும் அதில் தாமாகவே குழிகளை உண்டாக்கிவிடும். மனிதர் கல்லால் கொத்திய கிண்ணக்குழியில், மண்மூடிக் காக்கப்பட்டிருந்தால், கொத்திய தடம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளியில் கிடக்கும் பாறைகளில் அது பெரும்பாலும் தேய்ந்திருக்குமாதலால், குழியைச் சுற்றி வளையம் உண்டா, குழிகளை இணைக்கும் காடி உண்டா, அல்லது அவை பாறையின் விரிசலையொட்டியே அமைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். இம்மேட்டுநிலத்தில் நண்பகலில் வெறும் பாறையாகத் தோன்றும் பேட்ஜர் ஸ்டோன் என்னும் செதுக்கல் பாறை, வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது குழிகளும் வளையங்களுமாக நிறைந்துவிடும். மேகமூட்டமான நாளில் கைவிளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். பாசியைச் சுரண்டவோ சுண்ணக்கட்டியால் கோடிடவோ கூடாது. அந்தக் கோடு, அதை வரைந்தவரின் முடிவைத்தான் காட்டும், பாறையை அல்ல. பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண மாதிரி ஆக்கினால் போதும். கோடையில் பெரணி பல பாறைகளை மறைத்துவிடுமாதலால், குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்குக் குளிர்காலமே உகந்தது.

இதே மேட்டுநிலத்தில் வுட்ஹவுஸ் கிராக் என்னும் பாறைமுகட்டில் உள்ள ஸ்வஸ்திகா ஸ்டோன் என்னும் செதுக்கல் பாறையில் ஒரு கவனம் தேவை: கம்பி வேலிக்குள் முன்னால் பளிச்சென்று இருப்பது பிற்கால நகல், மூலம் அதற்குப் பின்னால் மங்கலாக இருக்கிறது.

ஆய்வேட்டில் காலக்கணிப்பு பற்றிய இயல்தான் மிகக் கடினம். செதுக்கலில் கரிமப் பொருள் இல்லாததால் கதிரியக்கக் கார்பன் முறையை அதன்மீது நேரடியாகச் செலுத்த முடியாது. செதுக்கல் அமைந்துள்ள தொல்லியல் சூழலைத்தான் நம்ப வேண்டும். வட இங்கிலாந்தின் மற்றொரு பகுதியான நார்தம்பர்லாந்தில், ஹண்டர்ஹ்யூ கிராக் என்னுமிடத்தில் தொல்லியலாளர் கிளைவ் வாடிங்டன் நடத்திய அகழாய்வு இதற்குச் சிறந்த சான்று. அங்கே பழைய செதுக்கல்கள் இருந்த பாறையின் ஒரு பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு, அப்படி வெளிப்பட்ட புதுப்பரப்பில் மீண்டும் செதுக்கப்பட்டு, அதன்மேல் தொடக்க வெண்கலக் கால ஈமக் கற்குவை எழுப்பப்பட்டிருந்தது. தேர்வாளர் காலத்தைக் கேட்டால், இந்த வரிசையைப் படமாக வரைந்து எது முந்தையது, எது பிந்தையது என்று விளக்குங்கள். இல்க்லிப் பாறைகளுக்குத் துல்லியமான ஆண்டு சொல்ல முயல வேண்டாம்.