இரவு வண்டியும் இலைப்பொதியும்

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரவு வண்டிகளில் உணவு ஒரு கவலையே அன்று. வீட்டில் உண்டுவிட்டு ஏறினால் போதும். ஆனால், இங்கிருந்து ஜம்முவிலுள்ள கத்ரா வரை மூன்று இரவுகள் செல்லும் வண்டியைப் போன்ற நெடும்பயணங்களில், கட்டுச்சோறு தீர்ந்தபின் விற்பனையாளரையே நம்ப வேண்டியிருக்கிறது.

மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவச் சாப்பாட்டின் விலையை 2019ஆம் ஆண்டில் வரியுடன் 80 ரூபாயாக ரயில்வே நிர்ணயித்தது. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்றும் அறிவித்திருக்கிறது. இருந்தும், ஒருமுறை என்னிடம் கூடுதலாகக் கேட்டவர், பில் கேட்டதும் மறுபேச்சின்றி உரிய விலைக்கு இறங்கினார். எனவே பில்லைக் கேளுங்கள். மறுத்தால் ரயில்வே உதவி எண்ணான 139இல் புகார் செய்யுங்கள். முதல் நாளுக்கு மட்டும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். சட்னி வேண்டாம், ஊசிவிடும்.