நடுவாசல் துளையில் ஒரு பழைய துணி

வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்ன உடனே எங்கள் ஆத்தா செய்யும் முதல் வேலை இட்லிக்கு ஊறப்போடுவது. கரண்ட் போனால் கிரைண்டர் ஓடாதாம். சரி, ஆனால் கரண்ட் போனால் பிரிட்ஜும்தானே ஓடாது, மாவு மறுநாளே புளித்துவிடுமே என்று நானும் ஒவ்வொரு ஐப்பசிக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சீப்புச்சீடையும் முறுக்கும் டின்னில் இருக்கும்போது எதற்குக் கவலை?

2018 வரை நாங்கள் யாரும் புயலை மதித்ததில்லை. கடல் எங்கே, செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் கானாடுகாத்தான் எங்கே என்ற தெனாவட்டு. நவம்பர் 16 நள்ளிரவுக்கு மேல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, புதுக்கோட்டைப் பக்கம் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டு மேற்கே எங்களையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனது. ஆனால் அன்று எங்களைப் படுத்தியது காற்று இல்லை. எங்கள் வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வீட்டு நடுவே கூரையில்லாமல் திறந்திருக்கும் நடுவாசலில்தான் விழும், அங்கிருந்து ஒரு துளை வழியாக வெளியே போய்விடும். அந்தத் துளையில், பெருச்சாளி வருகிறதென்று, முந்தின வாரம் நானே ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தேன். மறந்தே போனேன். விடியற்காலை இருட்டில், முழங்காலளவு தண்ணீரில் கையை விட்டுத் துழாவுகிறேன், துளை எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியவில்லை, பிறந்து வளர்ந்த வீடு! அதற்குள் தண்ணீர் நடுவாசலைச் சுற்றியிருக்கும் வளவுக்கு ஏறி அரிசி மூட்டை நனைந்துவிட்டது.

அதனால் இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்ததும் முதலில் துணியை உருவுவேன். அப்புறம்தான் மற்றதெல்லாம். ஓட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் அடைந்திருக்கும் சருகை வாரச் சொல்வேன், குரங்கு நகர்த்திப்போட்ட ஓடுகளையும் அவரே சரிசெய்துவிடுவார். ஆனால் இதை இரண்டு நாள் முன்னாலேயே செய்ய வேண்டும், காற்று ஆரம்பித்த பிறகு யாரையும் கூரையில் ஏற்றக்கூடாது. கொல்லைத் தென்னையில் காய்ந்த மட்டை, முற்றின காய் எல்லாம் இறக்கியாக வேண்டும். மோட்டார் போட்டுத் தொட்டி, அண்டா எல்லாம் நிரப்பி வைப்போம், ஏனென்றால் கஜாவில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஐந்து நாள் ஆனது. ஆத்தாவுக்குப் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு. கையில் கொஞ்சம் ரொக்கம், ஏடிஎம்மும் கரண்ட் இல்லாமல் ஓடாதே. வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டகத்தின் மேல்தட்டுக்குப் போய்விடும். ராத்திரி ஓட்டுக்கடியில் படுக்காமல் தளம் போட்ட அறையில்தான் படுக்கை.

காற்று நின்றதும் வேடிக்கை பார்க்க வெளியே போகாதீர்கள். புயலின் கண் கடக்கும் ஊர்களில் காற்று சட்டென்று அடங்கி, கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். கண்ணே இல்லாவிட்டாலும் அறுந்த மின்கம்பி கிடக்கும். ஏதாவது அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன், செல்போனில் சார்ஜ் போனால் நம்பரும் கூடவே போய்விடுகிறது.

மனசை என்ன செய்வது என்று கேட்டால், எனக்கு வேலை இருக்கும் வரை பயம் வருவதில்லை. பயத்தைக் கொண்டுவருவது சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சிதான் (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ, எந்த நாட்டுப் புயலோ, கப்பலே கவிழ்கிறது. "ஆச்சி, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு தடவை நானே பேசுறேன், நடுவுல நீங்க கூப்பிடாதீங்க" என்று இந்தத் தடவை சொல்லிவிட்டேன். கோபம்தான். ஆத்தாவிடம் டிவி ரிமோட்டை வாங்கிவிட்டுப் பூண்டு உரிக்கக் கொடுத்திருக்கிறேன், இரண்டு கிலோ.

இதை எழுதும்போது இன்னும் மழை தொடங்கவில்லை. துணியை மத்தியானமே உருவிவிட்டேன். பெருச்சாளி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.