வி எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் 'வ்' ஒலியோடு முடியும் சொற்கள் ஏராளமாக இருந்தாலும், வி என்ற எழுத்தோடு முடிபவை மிகச் சில என்பதை அகராதியைப் புரட்டும்போதெல்லாம் வியப்போடு கவனித்திருக்கிறேன். லவ், கிவ், ஹேவ் ஆகிய மூன்றுமே எழுத்தில் 'ஈ'யோடுதான் முடிகின்றன. யு, வி இரண்டும் முற்காலத்தில் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாக இருந்தமையால், இறுதியில் நிற்பது உயிரா மெய்யா என்ற குழப்பத்தைத் தீர்க்க அந்த ஒலிக்காத 'ஈ' உதவியது.

இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்பவற்றில் பல, சுருக்கங்களே. ரெவ் என்பது சுழற்சியைக் குறிக்கும் ரெவல்யூஷன் என்பதன் குறுக்கம். எஞ்சினின் சுழல்வேகத்தைக் கூட்டுவதையும் அவ்வாறே சொல்வர். இம்ப்ரவ் என்றால் முன்கூட்டி எழுதாமல் மேடையிலேயே உருவாக்கி நடிப்பது. எனக்கு மிகவும் பிடித்த சொல் டெர்வ்: 'டீசல் எஞ்சின்டு ரோட் வெஹிக்கிள்' என்ற தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து, பிரிட்டனில் சாலை வாகனங்களுக்கான டீசலுக்கே பெயராகிவிட்டன. ஸ்பிவ் என்பவன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே கள்ளச் சந்தையில் பொருள் விற்றவன்.

தமிழிலும் வகர மெய் ஈற்றில் வருவது அரிது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் ஒற்றுமை. தொல்காப்பியம் அதற்கு நான்கே சொற்களை வகுக்கிறது: அவ், இவ், உவ், தெவ். முதல் மூன்றும் சுட்டுச் சொற்கள். தெவ் என்றால் பகை.