எல்லோருக்கும் சொன்ன வேலை

ஒரு பணிக்குழு சறுக்கும்போது முகாமையாளர்கள் முதலில் தேடுவது சோம்பேறியைத்தான். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் வரவேற்புப் பிரிவில் பல சீசன்களாக வேலை பார்த்துவரும் நான், அப்படித் தேடிப் பிடித்த ஆளை அனுப்பிய பின்பும் அதே குழப்பம் தொடர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் மக்சிமிலியன் ரிங்கெல்மான் கூட்டாக இழுப்பவர்களின் பலத்தை அளந்து 1913இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்தது அவர் தனியாக இழுத்தால் தரக்கூடிய பலத்தில் ஏறத்தாழ 49 சதவீதமே. இந்த இழப்பின் ஒரு பகுதி எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் வருவது. கரைவலை இழுப்பவர்கள் 'அம்பா' என்ற தாளப் பாட்டைப் பாடி அதைச் சமாளித்தார்கள். மறு பகுதி மனத்தில் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்கமும் சக ஆய்வாளர்களும், கண்ணைக் கட்டித் தனியாக இழுக்கவைக்கப்பட்ட ஒருவர் தமக்குப் பின்னால் வேறு ஆட்களும் இழுப்பதாக நம்பினாலே அவருடைய இழுப்புத் தளர்ந்துவிடுவதைக் காட்டினார்கள். முதலாவது நோய்க்கு நேரஒழுங்கு போதும், இரண்டாவதற்கு அது போதாது. எங்கள் துறையில் இரண்டுக்கும் ஒரே மருந்தாக இன்னுமொரு கூட்டத்தைக் கூட்டுகிறார்கள்.

இரண்டாவது நோய் குடியிருக்கும் இடம் வட்ஸ்அப் குழு. "மேல்மாடி மூலை அறையில் ஏசி ஒழுகுகிறது, யாராவது பாருங்கள்" என்று காலையில் ஒரு செய்தி விழும். வரிசையாகப் பெருவிரல்கள் உயரும், இரண்டு மூன்று 'ஓகே சேர்' வரும். மாலையில் போய்ப் பார்த்தால், விருந்தினரே குப்பைக் கூடையை ஏசிக்குக் கீழே வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தச் செய்தியைப் பார்த்த எவரும் சோம்பேறியல்லர்; வேறொருவர் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் நியாயமாகவே நினைத்திருப்பார்கள். செய்தியில் ஒருவருடைய பெயரையும், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும், முடித்த பின் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தன் பங்கு தனியாகத் தெரியும் என்று அறிந்தவர் கூட்டத்துக்குள் ஒளிய மாட்டார்.

வாய் திறக்க முடியாத நிலை இதைவிடக் கடினமானது. காலைக் கூட்டம் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் நடக்கும். துப்புரவுப் பிரிவு அக்காவிடம் "எல்லாம் சரிதானே?" என்று கேட்டால் "ஓம் சேர்" என்பார். பிறகு துணி அறை வாசலில் என்னிடம், "துவாய் எல்லாம் ஈரம் தம்பி, அத்தனை பேருக்கு முன்னால நான் எப்பிடிச் சொல்லுறது?" என்பார். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கிருந்தவர்கள் அவற்றை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே, முறைப்பாடே வராத பிரிவைப் பார்த்து முகாமையாளர் மகிழ்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். முதல்முறை ஒருவர் குறை சொல்லும்போது மேலதிகாரி "யார் செய்தது?" என்று கேட்டால், அந்தப் பிரிவில் இரண்டாவது குறை எவர் வாயிலிருந்தும் வராது. "காய்ந்ததை வைத்து எந்த அறைகளை முதலில் முடிக்கலாம்?" என்று அந்த அக்காவிடமே கேட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் பிரிவில், கூட்டத்துக்கு முன்பே தகவல் வந்து சேரும். எந்த மொழியில் பேசினாலும் சரி என்று அவர் சொல்லி வைத்திருந்ததும் உதவியது.

ஒவ்வோர் ஆண்டும் சீசன் தொடங்கும்போது பாதி ஆட்கள் புதியவர்கள் என்பதால் இவற்றைப் புதிதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது. அது தொழிலின் இயல்பு, குறைகூறிப் பயனில்லை.

ஆனால் எந்த உத்தியும் எடுபடாத ஓர் இடம் உண்டு. விருந்தினரின் கட்டணப் பட்டியலில் சேர்க்கப்படும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைச் சொல்லாத நிர்வாகம், ஒற்றுமை பற்றிப் பயிற்சிப் பட்டறை நடத்தினால், பின்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கை மாதந்தோறும் ஊழியர் உணவறைச் சுவரில் ஒட்டுவதற்குப் பயிற்றுநரோ பட்டறையோ தேவையில்லை.