முதல் நாளே கூப்பிடுங்க

நேத்து எங்க ஊர் அங்கன்வாடியில கூட்டம். மாற்றுத்திறன் குழந்தைகளையும் எப்படிச் சேர்த்துக்கிறதுன்னு பேச டீச்சர், ஆயாம்மா, கிராம செவிலியர், அம்மாக்கள் நாங்க ஆறு பேர்.

"என் பையன் குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்குவான், அடுப்படி ஓரமா உட்கார வெச்சா எப்படி?"ன்னு கேட்டேன். ஆயாம்மா உடனே எழுந்து பாயைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டாங்க. கண்ணு கலங்கிடுச்சு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது. 2023 நவம்பர்ல இந்தப் பிள்ளைங்களுக்காக அங்கன்வாடிகளுக்குன்னே நெறிமுறையும் வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா என் பிள்ளைக்கு எது பயம்னு எங்ககிட்ட கேட்டாத்தானே தெரியும்? எல்லாம் முடிவு பண்ணிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு நடக்க முடியாத பாப்பாவோட தாத்தாவையும் வரச் சொல்லியிருக்கோம். தினமும் தூக்கிட்டு வர்றது அவர்தான்.