டெபென் முகத்துவாரமும் எட்டு வருடப் பழைய புத்தகமும்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் ஆர்வெல் ஆற்றிலிருந்து டெபென் ஆற்றுக்குப் போக, நண்பர்கள் இருவரும் நானும் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். மூன்று பேர் பங்கு போட்டும் என் ஒரு மாத மளிகைக் காசு காலி. அவ்வளவு வாங்கியவர் படகில் வைத்திருந்த பைலட் புத்தகம், அதாவது படகோட்டிகளுக்கான வழிகாட்டி, எட்டு வருடத்துக்கு முந்தைய பதிப்பு! கேட்டால், "ஆறு எங்கே போகப்போகிறது?" என்கிறார்.

ஆறு போகாது, முகத்துவாரம் போகும். டெபென் கடலில் சேரும் இடத்தில் கூழாங்கல் திட்டு ஒன்று குறுக்கே கிடக்கிறது. புயலுக்குப் புயல் அது இடம் மாறும், படகு போகும் வழியும் மாறும், வழி காட்டும் மிதவைகளையும் அதற்கேற்ப நகர்த்தி வைப்பார்கள். சென்னைக் கடற்கரையில் பௌர்ணமியன்றுகூடக் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், நமக்குக் கண்ணிலேயே படாது. டெபெனுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஹார்விச்சில் அதே நாளில் சுமார் 3.6 மீட்டர். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் பறவைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும்.

படகை ஓட்டிய நண்பர் முந்தைய இரவே புதிய வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து வந்திருந்தார். அதைப் பழைய பக்கத்தின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஈரம் பட்டு உப்பிய அந்தப் பக்கத்தில் யாரோ பென்சிலால் போட்டிருந்த கோடு, இன்றைய திட்டின் நடு முதுகில் ஏறிப் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதற்காகப் பழைய புத்தகம் குப்பை என்று சொல்லவில்லை. எந்தக் காற்றில் அங்கே அலை உடையும், ஹார்விச்சின் ஏற்ற நேரத்தோடு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும், ஏன் ஏறுகிற நீரில்தான் நுழைய வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது, அதெல்லாம் இன்றும் சரி. ஏறும்போது தரை தட்டினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் அடுத்த ஏற்றம்வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான், அதுவும் கூழாங்கல்லில் என்றால் அடிப்பாகம் அடிவாங்கும்.

கணக்கு இதுதான்: வரைபடத்தில் மிக ஆழம் குறைந்த இடம், நீர் நன்றாக வற்றியிருக்கும்போது, 0.6 மீட்டர், பாதி ஏற்றத்தில் அதன் மேல் இன்னும் 2 மீட்டர், எங்கள் படகுக்கு வேண்டியது 1.4. மிச்சம் 1.2. சரி, போகலாம். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட உட்பிரிட்ஜ் ஹேவன் மிதவையைத் தாண்டியதும் யாரும் பேசவில்லை. நான் ஆழமானியைச் சத்தமாகப் படித்தேன், அது கீலுக்கு (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்) கீழே உள்ள ஆழத்தைத்தான் காட்டுகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. 2.3. 1.7. 1.1. அப்புறம் 0.9! இடது கைப்பக்கம் பத்தடி தள்ளி அலை நுரைத்தது, நீரோட்டம் பிடரியில் கைவைத்துத் தள்ளுவது போல உள்ளே இழுத்தது, திடீரென்று 4, 6, படகு அமைதியான ஆற்றுக்குள் இருந்தது.

முகத்துவாரத்தை ஒட்டிய ஃபெலிக்ஸ்டோ ஃபெர்ரி என்ற ஊரில் கரையிறங்கிச் சாப்பிட்ட மீன் வறுவலுக்காகவே இன்னொரு முறை போவேன், மாவு மொறுமொறு, உள்ளே மீன் பூப்போல. விலைதான் கொஞ்சம் கடிக்கும். இப்ஸ்விச் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு டாக்ஸிக்காரர் வாங்கியதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை, பேசாமல் பஸ்ஸில் போங்கள்.

ஆற்றில் மேலே உள்ள உட்பிரிட்ஜ் ஊரின் படகுத்துறை வாசலில் தண்ணீருக்கடியில் ஒரு தடுப்புச்சுவர், அளவுக்கம்பத்தில் போதிய நீர் காட்டும்வரை வெளியே காத்திருந்தோம். பக்கத்திலேயே, ஏற்றத்தில் தேக்கிய நீரை வற்றத்தில் திறந்துவிட்டு ஓட்டும் மாவு மில், 1793இல் கட்டியது.

படகைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அச்சுத்தாளை, மேலே தேதி எழுதி, பழைய பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிட்டு வந்தோம்.