இரண்டு அடிக்கோடு, இரண்டு சிறுகோடு

வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் எழுதும்போது, பெயர் வைப்பதற்கு நான் பெம் முறையைத்தான் பிடித்துக்கொள்கிறேன். அது தேவையில்லாத சோலி என்று என்னோடு வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

பெம் என்றால் பிளாக், எலிமெண்ட், மொடிஃபையர். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் உருவானது. பக்கத்திலிருந்து கழற்றி வேறு இடத்தில் வைக்கக்கூடிய துண்டு பிளாக். அந்தத் துண்டுக்குள் மட்டும் வேலை உள்ளது எலிமெண்ட். தோற்றத்தையோ நிலையையோ மாற்றுவது மொடிஃபையர். எலிமெண்டுக்கு முன் இரண்டு அடிக்கோடு, மொடிஃபையருக்கு முன் இரண்டு சிறுகோடு. விடுதித் தளத்தில் ஓர் அறையைக் காட்டும் பெட்டி என்றால் இப்படி வரும்:

.அறை
.அறை__விலை
.அறை__விலை--சலுகை

(பக்கத்தின் ஒரு பகுதிக்கு நாம் வைக்கும் பெயர்தான் கிளாஸ். அதைத் தமிழில் வைத்தாலும் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் காசுக்குச் செய்யும் வேலையில் ஆங்கிலத்தில்தான் வைக்கிறேன். எனக்குப் பிறகு தொடப்போகிறவர் எந்த மொழிக்காரரோ.) யாண்டெக்ஸின் சொந்த வழக்கத்தில் மொடிஃபையருக்கு ஒற்றை அடிக்கோடுதான். இந்த இரட்டைச் சிறுகோடு வெளியில் இருந்தவர்களால் பரவியது.

திருகோணமலையில் என் வேலை பெரும்பாலும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளோடும் படகுக்காரர்களோடும். இங்கே சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதற்குக் கொஞ்சம் முன்னால் போன் வரும்: விலையை மாத்தவேணும், புதுப் படம் போடவேணும், 'சலுகை' எண்டு சிவப்பாய் ஒன்று வேணும். மற்ற மாதங்களில் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. திறக்கிற ஆளும் எழுதிய ஆளும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

அப்படிக் கைக்கு வந்த ஒரு தளத்தில் விலையின் நிறத்தை மாற்றப் போனேன். முதலில் எழுதியவர் முகப்பு, அறைகள் என்ற இரண்டு கிளாஸ்களையும் அவற்றுக்குள் மூன்று டேக்குகளையும் (பந்தி, தலைப்பு போன்றவற்றைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறிகள்) வரிசையாக அடுக்கி நிறம் கொடுத்திருந்தார். அடுத்து வந்தவர் வெறும் .விலை என்று எழுதியிருக்கிறார். அது வேலை செய்யவில்லை. செய்யாதுதான். ஐடி எதுவும் இல்லாத வரிகளில் பிரவுசர் முதலில் கிளாஸ்களைத்தான் எண்ணும், இரண்டு கிளாஸ் இருக்கிற வரி ஒரு கிளாஸ் வரியை வெல்லும். அவர் இம்போர்ட்டண்ட் (மற்ற வரிகளை மீறவைக்கும் சொல்) போட்டுச் சரிக்கட்டியிருந்தார். அதற்குப் பின் வந்தவர் அதை வெல்ல இன்னொரு இம்போர்ட்டண்ட். பெம்மில் எல்லா வரியும் ஒரே கிளாஸ்தான், ஆகவே எது வெல்லும் என்ற கணக்கில் எடை சமம். கோப்பில் பிந்தி வருவது வெல்லும். அந்த அமைதிக்காகவே நான் இந்த நீளப் பெயர்களைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நீளம் பற்றிய முறைப்பாடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. திரும்பத் திரும்ப வரும் பெயர்களை, கோப்பைச் சுருக்கி அனுப்பும் ஜிஸிப் நன்றாகவே சுருக்கிவிடும். உண்மையான செலவு பெயர் வைப்பதில் இருக்கிறது. கூட வேலை செய்கிற தம்பி கேட்டான்:

“அண்ணா, விலைக்குக் கீழ ‘ஓர் இரவுக்கு’ எண்டு சின்ன எழுத்து வருது. அறை__விலை__குறிப்பு எண்டு போடட்டா?”

“அப்பிடி அடுக்கேலாது. அறை__குறிப்பு எண்டு போடு.”

“நாளைக்கு அறைக்கே ஒரு குறிப்பு வந்தா?”

நியாயமான கேள்வி. அறை__விலைக்குறிப்பு என்று முடித்தோம். விலையையே தனிப் பிளாக்காக்கலாம் என்று அவன் தொடங்கியபோது நான் தடுத்துவிட்டேன். இந்த விவாதம் நடந்த நேரத்துக்குள் பெட்டியையே கட்டி முடித்திருக்கலாம்.

இன்னொன்று, விடுதிக்காரர் தளத்தை நிரப்பும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தானே எழுதும் பந்திகளுக்குக் கிளாஸ் ஏது? அங்கே பெம் கைவிட்டுவிடும். ‘உரை’ என்று ஒரு பிளாக் வைத்து, அதற்குள் டேக்குகளை நேராகப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

மூன்று மொழித் தளம் என்றால் இன்னும் சிக்கல். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் இடிபடும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ‘--தமிழ்’ என்று மொடிஃபையர் போடுவது பைத்தியக்கார வேலை. பக்கத்தின் மொழியைப் பார்த்து வரியைப் பொருத்தும் லாங் செலக்டரைப் பிளாக்கோடு சேர்த்து எழுதினால் எடை கூடி, மேலே சொன்ன அமைதி கெடும். நான் செய்வது: பக்கத்தின் வேரில் மட்டும் லாங் செலக்டரை வைத்து, வரி உயரத்தை ஒரு சிஎஸ்எஸ் மாறியில் போட்டுவிடுகிறேன். பிளாக்குகள் அந்த மாறியை எடுத்துக்கொள்ளும். சிங்களத்துக்கும் அதே வழி. இதைப் பெம் சொல்லித்தரவில்லை, ஆனால் பெம்மைக் கெடுக்கவும் இல்லை.

பெம்மில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதி, பிளாக் தன்னைச் சுற்றியுள்ள வெளி இடைவெளியைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது என்பது. அதை வெளியிலிருப்பவர் கொடுக்கவேண்டும், ஒரே டேக்கில் .முகப்பு__அறை, .அறை இரண்டையும் போடலாம். அடிக்கோடுகளை எல்லாம் விட்டுவிட்டாலும் இந்த ஒன்றை நான் விடமாட்டேன். முகப்பில் இருந்த பெட்டியைச் சலுகைப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டபோது ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தம்பிக்கு, ஆயத்தக் கிளாஸ்களைச் சேர்த்தே தோற்றம் அமைக்கும் டெயில்விண்டில் ஆசை. பெயர் வைக்கும் தலையிடி அதில் குறைவுதான். ஆனால் புதுக் கிளாஸ் ஒன்றைப் போட்டால் திரும்பவும் பில்ட் ஓட்டி, சிஎஸ்எஸ் கோப்பைப் புதிதாக உருவாக்கவேண்டும். எங்கள் தளங்களில் பாதி, சேர்வரை நிர்வகிக்கும் சீபேனலின் ஃபைல் மேனேஜரைத் திறந்து அங்கேயே திருத்தப்படுபவை. கிளாஸ் பெயர்கள் மோதாமல் தானாக மாற்றிவிடும் சிஎஸ்எஸ் மொடியூல்ஸுக்கும் அதே பிரச்சினை. வரிகளை அடுக்குகளாகப் பிரித்து எந்த அடுக்கு வெல்லும் என்று சொல்லவிடும், 2022இல் எல்லாப் பெரிய பிரவுசர்களுக்கும் வந்துவிட்ட லேயர் வசதிக்கு இந்தத் தொல்லை இல்லை. எடைச் சண்டையின் பெரும்பகுதியை அது தீர்த்துவைக்கும், ஆனால் எந்த வரி எந்தப் பெட்டிக்குரியது என்று பெயரைப் பார்த்தே விளங்கிக்கொள்வதற்கு அது உதவாது.

ஆகவே மூன்று மொழி விடுதித் தளம் பெம்மிலேயே இருக்கும். இப்போது கையில் இருப்பது புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர் ஒருவரின் ஒற்றைப் பக்கம்: ஒரு படம், நேரம், வாட்ஸ்அப் பொத்தான். அதற்கு நேரடியாக டேக்குகளிலேயே எழுதிவிட்டேன். அடுத்த சீசனுக்கு முன்பதிவுப் படிவம் வேணும் என்று கேட்டால் அப்போது பிளாக் பிரிக்கலாம்.